மாட்டுப் பாதையில் பதினொரு கிழமை

அந்த வேலையை நான் ஒப்புக்கொண்டபோது அக்கா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் சிட்னியின் நார்த்மீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

"மாட்டுக்குப் பின்னால போறதுக்கோ இவ்வளவு கடல் தாண்டி வந்தனீ?"

"பின்னால போறேல்லை அக்கா. முன்னால போய்ச் சமைக்கிறது. சாமான் லொறியும் நான்தான் ஓட்டோணும்."

"முதல்ல மாட்டை வெட்டுற இடத்தில நிண்டாய். இப்ப மாட்டைச் சாய்ச்சு மேய்க்கிற இடத்துக்குப் போறாய். மனுசர் இருக்கிற ஒரு இடத்தில இருக்க மாட்டியோ?"

விசாவைச் சாட்டாகச் சொன்னேன். படகில் வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது கொடுத்தது ஐந்து வருட விசா. அதில் மூன்றரை வருடம் பெருநகரங்களுக்கு வெளியே வேலை செய்தோ படித்தோ காட்டினால்தான் அடுத்த விசாவைப் பற்றி வாய் திறக்கலாம். அதனால்தான் சிட்னியை விட்டு உள்நாட்டுக்குப் போனேன் என்று எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. பிளாக்டவுனில் ஐந்து பேரோடு ஒரு வீட்டில் இருந்த காலத்திலேயே எனக்கு அந்த வியாதி இருந்தது. கார் கழுவும் இடம், பேக்கரி, பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலை என்று எதிலும் ஏழெட்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. வேலையில் ஒரு குறையும் இருக்காது. ஒரு காலை எழும்பும்போது காலுக்குள் ஏதோ ஊரும். அன்றைக்கே சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அக்கா சொன்ன வெட்டுற இடம், மேற்கே ஒரு சிறு பட்டணத்தின் இறைச்சித் தொழிற்சாலை. நான் கத்தி பிடிக்கவில்லை. மாடுகள் லொறியிலிருந்து இறங்கி, முறை வரும்வரை நிற்கும் தொழுவத்தில் எனக்கு வேலை. மழை இல்லாத மூன்றாவது வருடம் அது. புல் இல்லாததால் எல்லோரும் மாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்து இறங்கும் மாடுகளின் தொடையில் சில வேளை குறி இருக்கும். சூட்டுக்கோலால் போட்ட எழுத்துகள். தண்ணீர் பீச்சிக்கொண்டு நிற்கும்போது என் கண் அந்த எழுத்துகளைத் தேடித் தேடி வாசிக்கும். நிறுத்த முடியவில்லை. சாப்பிடும்போதும் வாசித்த எழுத்துகள் வரிசையாக வரும். வன்னியில், ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவிடம் நூற்றுச் சொச்சம் மாடுள்ள பட்டி இருந்தது. அதிலும் ஒவ்வொன்றுக்கும் குறி சுட்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பட்டணத்துப் பலசரக்குக் கடையின் கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மந்தையோடு போக ஒரு சமையல்காரர் தேவை, லொறி ஓட்டத் தெரிய வேண்டும் என்று கையால் எழுதியிருந்தார்கள். கீழே இருந்த நம்பருக்கு எடுத்தேன். அடுத்த நாள் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வாசிக்கும் கண்ணாடியை வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அவர்தான் பொஸ். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

"என்ன சமைப்பாய்?"

"எதையும் சமைப்பேன். ஆனால் மாட்டிறைச்சியை நான் சாப்பிட மாட்டேன். ருசி பார்க்கவும் மாட்டேன்."

"சரி. உப்பு எங்கள் பொறுப்பு" என்றார். "உன்னை ஒன்று கேட்கிறேன். ஏற்கனவே இருக்கும் வேலையை ஏன் விடுகிறாய்?"

"ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை."

"அப்படியென்றால் நீ சரியான ஆளிடம் வந்திருக்கிறாய்" என்றார்.

வேலை என்னவென்று போகும் வழியில் விளக்கினார். மாடுகள் அவருடையவை அல்ல. தன் நிலத்தில் புல் தீர்ந்துபோன ஒருவர், ஆயிரத்து நூறு பசுக்களை அவரிடம் ஒப்படைத்திருந்தார். மழை வரும்வரை அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் பெருந்தெருக்களின் ஓரமாக, அரசாங்கத்துக்குச் சொந்தமான அகலமான புல்நிலம் பல இடங்களில் நீண்டு கிடக்கிறது. ரயிலும் லொறியும் இல்லாத காலத்தில் மாடுகளைச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போவதற்காக ஒதுக்கிய பாதைகள் அவை. அனுமதிப் பத்திரம் எடுத்தால் இப்போதும் அவற்றில் மேய்க்கலாம். ஒரு நிபந்தனை இருக்கிறது. தங்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் மந்தை முன்னேற வேண்டும்.

அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ இளகியது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வந்த எல்லாக் கடிதங்களும் இரு என்றுதான் சொல்லியிருந்தன. முகாமில் இரு, முடிவு வரும்வரை இரு, சொன்ன விலாசத்தில் இரு. இருக்காதே, போய்க்கொண்டிரு என்று சொல்லும் ஒரு பத்திரத்தை முதல் முறையாகப் பார்த்தேன்.

திறந்த வெளியை எதிர்பார்த்துத்தான் போனேன். முதல் நாளே அந்த எண்ணம் போய்விட்டது. பாதையின் இரண்டு பக்கமும் கம்பி வேலி. நடுவில் தார் றோட்டு. சில இடங்களில் அரைக் கிலோமீற்றர் அகலம் இருக்கும். சில இடங்களில் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலம்கூட இல்லை. வேலிக்கு அப்பால் பருத்தி, கோதுமை, வெறும் செம்மண். ஆயிரத்து நூறு மாடும் அந்த இடைவெளிக்குள் தலையைக் கீழே போட்டு, கிடைத்ததைக் கடித்துக்கொண்டு அசைந்து அசைந்து போகும். சாமான் ஏற்றிய பெரிய லொறிகள் பக்கத்தால் இரையும். முன்னும் பின்னும் மாடு வருகிறது என்று மஞ்சள் பலகை வைப்பதும் என் வேலைதான்.

எங்களோடு இன்னொருவர் இருந்தார். இந்த மண்ணின் ஆதிக்குடி மனிதர், அறுபதை நெருங்கியவர், குதிரையில் வருவார். பொஸ் மோட்டார் சைக்கிளில் வருவார். ஐந்து நாய்கள். நான் விடியப் புறப்பட்டு அடுத்த தங்குமிடத்துக்கு லொறியைக் கொண்டுபோய், மின்சாரம் ஓடும் நாடாவால் மாட்டை அடைக்க வளைவு கட்டி, அடுப்பு மூட்ட வேண்டும். மத்தியானம் மந்தை வந்து சேரும். இறைச்சியை அவர்கள் சொன்னபடி சட்டியில் போட்டு மூடிவிடுவேன். எனக்குப் பருப்பும் ரொட்டியும். இரண்டாம் கிழமை குதிரைக்காரர் என் பருப்பில் கை வைத்தார். மூன்றாம் கிழமை மூன்று பேருக்கும் பருப்புக் காய்ச்சினேன்.

அந்த நாட்களில் காலுக்குள் ஊர்வது நின்றிருந்தது. ஒரு இடம் பிடித்துப்போகும் முன் அதை விட்டுக் கிளம்பிவிடுவோம். பிடிக்காமல் போகவும் நேரம் இருக்காது.

ஆனால் பொஸ்ஸுக்கு அமைதி இருக்கவில்லை. சாப்பிடும்போதும் வரைபடத்தை மடியில் விரித்து வைத்திருப்பார். முன்பு இருந்த பாதைகளில் எவையெல்லாம் இப்போது இல்லை என்று விரலால் காட்டுவார். இது குத்தகைக்குப் போய்விட்டது. இதை ஒருவர் உழுது விதைத்துவிட்டார், கேட்பாரில்லை. இதில் தண்ணீர்த் தாங்கி உடைந்து பத்து வருடம்.

"அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வேலியே இல்லாமல் மேய்த்தார்கள்" என்றார் ஒரு நாள். "இருபது முப்பது வருடத்தில் எல்லாம் முடிந்தது. முள்ளுக்கம்பி வந்தது, ரயில் வந்தது, ஒரு கொடிய குளிர்காலம் வந்தது. இங்கே மெதுவாக முடிகிறது. லொறி முக்கால்வாசியை முடித்தது. பஞ்சம் வந்தால் மட்டும் எங்களை நினைக்கிறார்கள்."

குதிரைக்காரர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "மாடு வருவதற்கு முன்பும் இது பாதைதான். எங்கள் ஆட்கள் தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு நடந்த வழி. மாட்டுக்காரர் அதைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் பொஸ்.

"இவனுக்குத் தெரியாதே. அதுதான் சொன்னேன்" என்றார் அவர்.

ஆறாவது கிழமையில் நான் ஒரு பிழை விட்டேன். அதைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பி நினைக்கிறேன்.

அடுத்த தண்ணீர் இடத்தை முன்னால் போய்ப் பார்த்துவரும்படி பொஸ் அனுப்பினார். அங்கே உயரத்தில் ஒரு இரும்புத் தாங்கி, அதிலிருந்து குழாய், கீழே நீளமான சீமெந்துத் தொட்டி. தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. குனிந்து முகம் கழுவினேன். நல்ல தண்ணீர். திரும்பி வந்து தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். தாங்கியில் ஏறிப் பார்க்கவில்லை. ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தாலே சத்தத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் மந்தை வந்து சேர்ந்தது. முன்னால் வந்த ஐம்பது அறுபது மாடுகள் பத்து நிமிடத்தில் தொட்டியைக் காலியாக்கிவிட்டன. குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. பொஸ் தாங்கியில் ஏறி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். இறங்கி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏறிப் பார்த்தாயா?"

"இல்லை."

அவர் ஏசாமல் வரைபடத்தை விரித்தார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அடுத்த தண்ணீர் பதினான்கு கிலோமீற்றர் தூரத்தில். எங்கள் லொறியில் இருந்த தண்ணீர் ஆட்களுக்கும் நாய்களுக்கும் குதிரைக்கும்தான் போதும். அன்றிரவு மாடுகள் படுக்கவில்லை. நாடாவைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டே நின்றன.

காலையில் நேரத்தோடு கிளப்பினோம்; அன்று நானும் லொறியை மந்தையோடு மெதுவாக ஓட்டினேன். ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. பத்தரை மணியளவில் காற்று மாறியது. முன்னால் போன மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு மேட்டுக்குப் பின்னால், யாரோ ஒருவரின் குளம் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை, அவற்றுக்கு மணத்தில் தெரிந்துவிட்டது. பொஸ் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே கொண்டுபோகும் முன்னமே வேலி சரிந்தது. கட்டைகள் முறியும் சத்தம் எனக்கு லொறிக்குள் கேட்டது.

சரிந்த வேலி வழியாக நான் லொறியைக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசி மந்தை அந்தக் குளத்தைச் சுற்றி நின்றது. அது மண்ணைத் தோண்டிக் கட்டிய குளம். நடுவில் மட்டும் தண்ணீர். சுற்றிவரச் சேறு. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றைத் தள்ள, ஏழெட்டு மாடுகள் வயிறுவரை புதைந்துவிட்டன. குதிரைக்காரர் கயிற்றோடு சேற்றுக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். கொம்புக்குப் பின்னால் கயிற்றைச் சுற்றி, மறு நுனியை லொறியில் கட்டி, ஒவ்வொன்றாக இழுத்தோம். இழுத்து வெளியே விட்டதும் சில எழும்பி நின்றன. சில அப்படியே கிடந்து மூச்சு விட்டன.

இரண்டாவதையோ மூன்றாவதையோ இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய வெள்ளைப் பிக்கப் வந்து நின்றது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இறங்கினார். அது அவருடைய நிலம். வேலியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், சேறு பூசி நின்ற என்னைப் பார்த்தார்.

"யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

பொஸ் வாய் திறக்க முன் நான் சொன்னேன், "நான். தாங்கியைப் பார்க்காமல் விட்டது நான்."

"நான்தான் பொறுப்பு" என்றார் பொஸ். "மந்தை என்னுடைய பத்திரத்தில் நடக்கிறது. வேலியை இன்றைக்கே கட்டித் தருகிறோம். ஆனால் மாடுகள் குடித்து முடித்த பிறகுதான் வெளியே எடுப்பேன்."

அந்த மனிதர் குளக்கரைக்கு நடந்தார். அவர் சண்டைக்கு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ மாடுகள் தண்ணீர் குடிப்பதை.

"என்னுடையதை எல்லாம் போன வருடம் விற்றுவிட்டேன்" என்றார். "அதற்குப் பிறகு இதில் ஒன்றும் குடிக்கவில்லை." பிறகு பிக்கப்பிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "அந்தக் கயிறு அறுந்துவிடும். இதைப் பிடி."

ஒரு பசுவை மட்டும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. வெளியே இழுத்தபோது பின்னங்கால் இரண்டும் செயலிழந்திருந்தன. பொஸ் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் துவக்கை எடுத்தார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். வேலி மூலையில் அதன் கன்று, பிறந்து ஒரு கிழமை இருக்கும், நின்று கத்திக்கொண்டிருந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் அது கத்துவதை நிறுத்தியது.

வழியில் பிறக்கும் கன்றுகளில் நடக்க முடியாதவற்றையும் தாய் இல்லாதவற்றையும் வைத்திருப்பதில்லை என்பது அந்தத் தொழிலின் வழமை. எனக்கு அது தெரியும். பொஸ் துவக்கோடு கன்றின் பக்கம் திரும்பியபோது நான் இடையில் போய் நின்றேன்.

"லொறியில் ஏற்றுகிறேன். பால்மா இருக்கிறது" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

வயதானவர்தான் சொன்னார், "இங்கே விட்டுவிட்டுப் போங்கள். எனக்குக் காலையில் எழும்புவதற்கு ஒரு வேலை வேண்டும்." கன்றைத் தூக்கிப் பிக்கப்பின் முன் ஆசனத்தில் வைத்து, கதவை மூடினார். நாங்கள் மாலைவரை அவருடைய வேலியைக் கட்டினோம். கட்டை நடுவதற்கு அவரும் நின்றார். புதுக் கம்பி என் உள்ளங்கையை இரண்டு இடத்தில் கிழித்தது.

அடுத்த நாளும் மந்தையோடு லொறியை ஓட்டிக்கொண்டிருந்தபோது குதிரைக்காரர் பக்கத்தில் வந்தார். "நீ முன்பும் மாட்டோடு இருந்திருக்கிறாய். சேற்றுக்குள் எங்கே கயிறு போடுவது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார்.

அக்காவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். போர் முடிந்த அந்த வருடம், கடைசி இடப்பெயர்வின்போது, ஐயா பட்டியின் படலையைத் திறந்துவிட்டார். கட்டிப் போட்டால் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்கையாவது மேய்ந்து தப்பும் என்றார். மாடுகள் காட்டுக்குப் போகவில்லை. நாங்கள் ஏறிப் போன உழவு மெசினுக்குப் பின்னால் வந்தன. றோட்டு முழுக்கச் சனம். மாட்டோடு போக முடியாது. ஐயா என்னை இறக்கிவிட்டு, அடித்துக் கலைக்கச் சொன்னார். எனக்கு இருபத்தைந்து வயது. பூவரசங் கம்பு ஒன்றை முறித்து அடித்தேன். மற்றவை நின்றுவிட்டன. ஒரு செவலைப் பசு மட்டும் அடி வாங்கி வாங்கி வந்துகொண்டே இருந்தது. முகத்தில் அடித்த பிறகுதான் நின்றது. ஐயா அந்த வருடமே காலமாகிவிட்டார். குறி சுட்ட மாடுகள் எத்தனையோ பிறகு பற்றைகளுக்குள் திரிந்ததாகச் சொன்னார்கள். எங்கள் எழுத்தை யாரும் கண்டார்களா என்று நான் விசாரித்ததில்லை.

குதிரைக்காரர் குதிரையை லொறியின் கதவோரம் நெருக்கினார். பிறகு, "அடுத்த தாங்கியில் நீ ஏறு. நான் குதிரையில் இருந்து பார்க்கிறேன்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு தாங்கியிலும் ஏறினேன்.

பதினோராவது கிழமை மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. லொறிச் சில்லு புதைந்தது, அடுப்பு மூட்ட முடியவில்லை, நாய்கள் லொறிக்கடியிலிருந்து வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் நனைந்த ரொட்டியைத் தின்றுகொண்டு சிரித்தோம். நான்காம் நாள் மாட்டுச் சொந்தக்காரர் போன் எடுத்தார். தன் நிலத்தில் புல் முளைக்கிறது, லொறிகளை அனுப்புகிறேன் என்றார்.

நடத்திக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று பொஸ் சொல்லிப் பார்த்தார். இப்போதுதான் வழியில் நல்ல புல் வரும், மாடு உடம்பு வைத்துப் போய்ச் சேரும் என்றார். அந்த மனிதருக்குப் பொறுமை இல்லை. தெரு காய்ந்ததும் மாடு ஏற்றும் இரட்டைத் தட்டு லொறிகள் வரிசையாக வந்து நின்றன. பதினொரு கிழமை நாங்கள் நடத்திய தூரத்தை அவை ஒரு பகலில் ஓடிவிடும். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தோம். கடைசி லொறி போனதும் அந்த இடத்தில் ஒரு அமைதி வந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வளைவு கட்டிய நாடாவைச் சுற்றினேன். சுற்றி முடிந்ததை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினேன்.

"அடுத்த மந்தை எப்போது?" என்று கேட்டேன்.

"மழை வந்துவிட்டதே" என்றார் பொஸ். "பட்டணத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆள் கேட்கிறார்கள். போகிறேன். காலையில் ஒரே தெரு, மாலையில் அதே தெரு." குதிரைக்காரர் தன் குதிரையோடு மகளின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். கை கொடுத்தோம். மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம்.

நார்த்மீட்டில் அக்கா வீட்டில் இரண்டு கிழமை தங்கினேன். அக்கா எனக்கு அறை ஒதுக்கி, புதுத் தலையணை வாங்கி வைத்திருந்தாள். காலையில் எழும்பியதும் எங்கே கிளம்ப வேண்டும் என்று உடம்பு கேட்கும். பரமற்றா வரை நடப்பேன். சில நாள் பிளாக்டவுன் வரை நடந்துபோய், ரயிலில் திரும்பி வருவேன். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இருந்து தேத்தண்ணியைக் குடியன்."

"குடிக்கிறன் அக்கா."

"நிண்டு குடிக்கிறாய். கதிரை உன்னைக் கடிக்குமோ?"

பிறகு மிச்சக் காலத்தை ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் பழம் அடுக்கிக் கழித்தேன். அதற்குள் அரசாங்கம் மாறி, விதியும் மாறி, எங்களைப் போன்றவர்களும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பத்து வருடத்தில் தங்கிய விலாசம் எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் எழுதச் சொன்னது விண்ணப்பம். என்னிடம் பதினான்கு விலாசம் இருந்தன. அந்தப் பதினொரு கிழமைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. படிவம் நிரப்ப உதவிய தமிழ்ப் பிள்ளை, "அங்கிள், சம் அட்ரஸ் யு ஹாவ் டு கிவ்" என்றாள். றோட்டு என்று எழுதலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பொஸ்ஸுக்கு எழுதிப் போட்டேன். ஒரு மாதத்துக்குள் தடித்த உறை ஒன்று வந்தது. நாங்கள் தங்கிய ஒவ்வொரு இடத்தையும் நாள்வாரியாகக் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்திருந்தார். வற்றிய தாங்கி உள்ள இடம். வயதானவரின் வேலியோரம். மழையில் புதைந்த இடம். எழுபத்தேழு வரிகள். அவற்றை ஏற்றுக்கொண்டார்கள்.

விசா கிடைத்தபோது நான் மெல்பேர்ணுக்கு மாறியிருந்தேன். ஸ்பிரிங்வேலில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் வான் ஓட்டுகிறேன். அங்கேதான் கலியாணமும் செய்தேன். மனைவி மன்னார்ப் பக்கம், கத்தோலிக்க வேதக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணமாகி இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டோம். மூன்று முறையும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். ஒரு வீட்டில் வெளிச்சம் இல்லை என்றேன். ஒன்றில் பக்கத்து வீட்டு நாய். மூன்றாவதற்கு நான் சொன்ன காரணம் எனக்கே ஞாபகம் இல்லை.

"இனி மாறுறதெண்டா நீங்கள் மட்டும் மாறுங்கோ. நான் வரேல்லை" என்றார் மனைவி. கோபமில்லாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னார். சொந்தமாக ஒரு துண்டு நிலம் பார்ப்போம் என்றும் அவர்தான் சொன்னார்.

நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். போன வருடம்வரை அது மாடு மேய்ந்த நிலம். ஒரு பக்கத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. மறு பக்கத்தில் இன்னும் விற்காத ஒரு விவசாயியின் நிலத்தில் பத்துப் பதினைந்து கறுப்பு மாடுகள் நின்றன. எங்களுக்குக் காட்டிய துண்டில் நான்கு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டியிருந்தது. புல்லுக்குள் காய்ந்த சாணம் கிடந்தது. விற்பனைக்காரர் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தார். வேலிச் செலவைப் பக்கத்துக் காணிக்காரரோடு பாதி பாதி போட வேண்டும், மரப்பலகை வேலிதான், ஆளுயரம் என்றார்.

மனைவி நூலுக்குள் நின்று கையால் காட்டினார். "இதில குசினி. இதில சாமியறை. உங்கட சாமியும் என்ர மாதாவும் ஒண்டா இருக்கட்டும்."

நான் நூலின் ஓரமாக ஒரு சுற்று நடந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு சுற்று நடந்தேன். அடுத்த நிலத்து மாடுகளில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. எல்லாம் கொழுத்த மாடுகள். சுட்ட குறி இல்லை, காதில் இலக்க அட்டை மட்டும் இருந்தது.

"பிடிச்சிருக்கோ?" என்று மனைவி கேட்டார்.

"அந்த மாடுகளை எப்ப எடுப்பினமாம்?"

"நான் காணியைக் கேட்டனான்."

"ஓம். பிடிச்சிருக்கு" என்றேன்.

அந்த மாதமே கையெழுத்து வைத்தோம். வீடு எழும்பிக் குடிபோய் ஐந்து மாதமாகிறது. வேலி போட ஆட்கள் வந்த அன்று லீவு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் இருவரும் வேகமான ஆட்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. ஒரு கட்டையையாவது பிடிக்கிறேன் என்று கேட்டேன். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் கிட்ட வரக் கூடாது என்றார்கள். தெருவில் நின்று பார்த்தேன். மத்தியானத்துக்குள் மூன்று பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

மற்றப் பக்கத்து விவசாயியும் விற்றுவிட்டார் என்று போன கிழமை பலகை நட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் நான் வானை வாசலில் விட்டுவிட்டு, தெரு முடியும்வரை நடக்கிறேன். மனைவி கேட்பதில்லை. "போட்டு வாறன்" என்கிறேன். "ஓம்" என்கிறார். சாப்பாட்டை மூடி வைக்கிறார். தெரு முடியும் இடத்தில் புதிதாகத் தார் போடுகிறார்கள். ஒவ்வொரு கிழமையும் அது இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது.